முழங்காலுக்கு மேலே டோப்!

'டோப்' என்கிற நிறத்தை நான் முதலில் பார்த்தது இன்ஸ்டாகிராமில்தான். சாம்பலும் பழுப்பும் கலந்து, கண்ணை உறுத்தாத நிறம். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சின்ன விலங்கின் பிரெஞ்சுப் பெயராம் அது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வந்ததும், பழவேற்காட்டில் எங்கள் வீட்டு ஹாலுக்கு அதைத்தான் அடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஷேடு கார்டைப் பார்த்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டி, தண்ணி வடிஞ்சப்புறம் சுவத்துல ஒட்டியிருந்துச்சே, அந்தக் கலரையா காசு குடுத்து அடிக்கப் போற?"

எனக்குப் பதில் வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு நான்கு சுவரிலும் கோடு போட்டது போல சேற்று நிறம். அம்மா மூன்று முறை கழுவியும் அது போகவில்லை. நான் அப்போது சென்னையில் இருந்தேன். அந்தக் கோட்டை வீடியோ காலில்தான் பார்த்தேன். அம்மா தினமும் அதன் பக்கத்தில்தான் படுத்தார்.

எங்கள் குப்பத்தில் ரோஸ், கிளிப்பச்சை, வயலெட் என்று சுவர்கள் பளீரென இருக்கும். நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால், ஓலைக்குடிசையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர்களுக்கு மண் நிறம் 'ஸ்டைல்' இல்லை. மழைக்கு மழை கரைந்த சுவரைத் திரும்பத் திரும்பப் பூசிய ஞாபகம். 'நாங்களும் கல்வீடு கட்டிட்டோம்' என்று ஊருக்குச் சொல்வது அந்த ரோஸ் நிறம்தான்.

சண்டையை நிறுத்தியவர் பெயின்டர் அண்ணன். "எந்தக் கலரா இருந்தாலும் இப்ப அடிச்சா நிக்காது" என்று சுவரைச் சுரண்டிக் காட்டினார். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஏரியும் கடலும் பக்கத்தில் இருப்பதால் ஈரத்தோடு உப்பும் சுவரில் ஏறுகிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் தங்கி, பெயின்ட்டை உரித்துத் தள்ளிவிடும். "எங்க காலத்துல ஏரிக் கிளிஞ்சலைச் சுட்டு சுண்ணாம்பு அடிப்போம். சுவரு மூச்சு விடும்" என்றார் அம்மா. அண்ணனும் தலையாட்டினார்.

பழைய பெயின்ட்டைச் சுரண்டி, உப்பைத் துடைத்து, கோடை வெயிலில் நன்றாகக் காயவிட்டோம். பிறகுதான் பட்டி, பிரைமர் எல்லாம்.

அந்த இடைவெளியில் மூன்று டோப் ஷேடுகளைச் சுவரில் இரண்டடிச் சதுரமாக அடித்துப் பார்த்தேன். காலை வெளிச்சத்தில் அழகாக இருந்த ஒன்று, இரவில் வெள்ளை டியூப் லைட்டில் பூசாத சிமென்ட் போலத் தெரிந்தது. இன்னொன்றில் லேசாக ஊதா எட்டிப் பார்த்தது. சிவப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்த மூன்றாவது மட்டும் எல்லா நேரத்திலும் இதமாக இருந்தது. மஞ்சள் ஒளி எல்இடி பல்பு மாட்டியதும் இன்னும் நன்றாக இருந்தது. நீங்களும் இந்த நிறத்தை யோசித்தால், ஷேடு கார்டை நம்பாதீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது சதுரத்தை அம்மா மாலையில் ரொம்ப நேரம் பார்த்தார். "ஏரியில தண்ணி இறங்குனா தெரியுற திட்டு மாதிரி கீது. இது பரவால்ல" என்றார். கூடவே ஒரு கண்டிஷன்: "முழங்காலுக்குக் கீழ மட்டும் இந்தக் கலரு வேணாம்."

அதனால் எங்கள் ஹாலில் தரையிலிருந்து மூன்றடிக்கு, கழுவித் துடைக்கிற மாதிரி இளம்பச்சை எனாமல். அதற்கு மேலேதான் டோப். வெளிச்சுவர் வழக்கம்போல அம்மாவின் ரோஸ்!

எந்த இன்டீரியர் டிசைனரும் இந்தக் கூட்டணிக்கு ஓகே சொல்ல மாட்டார். ஆனால், அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மூன்று நாளாக அந்தச் சுவர்தான் ஓடுகிறது.