மீன்தொட்டியில் பாசியா? மருந்தைக் கீழே வையுங்கள்



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், மீன்தொட்டி முழுக்கப் பாசி. என்ன மருந்து ஊத்தலாம்?" ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஒரு பீரியடு முழுக்க உட்கார்ந்து கேட்டவர்கள்தானே, படியுங்கள்.

சோதனைக்குழாய் புனல் ஆய்வு ஞாபகம் இருக்கிறதா? பீக்கரில் தண்ணீர், அதில் ஹைட்ரில்லா, மேலே கவிழ்த்த புனல், அதன்மேல் சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாக ஆக்சிஜன் வரும், நிழலுக்கு நகர்த்தினால் குறையும். (குமிழை எண்ணாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் யார் யார் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.) தொட்டியில் பாசி செய்வதும் அதே வேலைதான். அது அழுக்கு இல்லை, நோயும் இல்லை. வெளிச்சமும் சாப்பாடும் கிடைத்தால் வளரும், அவ்வளவுதான்.

வெளிச்சம் சரி, சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மீன் தின்னாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் அம்மோனியா ஆகின்றன. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் என்றால் உரம். தினமும் தொட்டிக்கு உரம் போட்டு, விளக்கும் போட்டுவிட்டு, ஏன் பச்சையாகிறது என்று கேட்கிறோம்.

மருந்து ஊற்றினால் பாசி சாகும், உண்மைதான். ஆனால் மொத்தமாகச் செத்த பாசி தொட்டிக்குள்ளேயே அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். காலையில் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செம்பு கலந்த மருந்தாக இருந்தால் நத்தையும் இறாலும் முதலில் போய்விடும். இவ்வளவுக்குப் பிறகும் உரமும் விளக்கும் அப்படியே இருப்பதால் பாசி திரும்பி வரும்.

கேட்ட மூவரில் ஒருத்தி சென்னைப் புறநகரில் இருக்கிறாள். அவள் அனுப்பிய படத்தில் மீனே தெரியவில்லை. பச்சைப் பெயிண்டைக் கரைத்து வைத்ததுபோல் இருந்தது. வீட்டுக்காரர், மீனைப் பக்கத்து ஏரியில் விட்டுவிட்டுத் தொட்டியை விற்றுவிடலாம் என்கிறாராம். எட்டு வயதுப் பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பச்சை, தண்ணீரில் மிதக்கும் ஒரு செல் பாசி. கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை.

நான் மூன்றே கேள்விதான் கேட்டேன். தொட்டி எங்கே இருக்கிறது? பால்கனிக் கதவு ஓரம், காலை வெயில் நேராக விழுகிறது. விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது? இரவு முழுக்க, ஏனென்றால் பையனுக்கு இருட்டு பயம். தீனி போடுவது யார்? காலையில் பையன், மத்தியானம் பாட்டி, இரவில் அப்பா. ஒவ்வொருவரும் தான் மட்டுமே போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

தொட்டியை உள்சுவர்ப் பக்கம் மாற்றச் சொன்னேன். தண்ணீரோடு நகர்த்தினால் கண்ணாடி விட்டுவிடும், முக்கால்வாசி இறக்கிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். பிறகு பழைய போர்வையால் மூன்று நாள் முழுக்க மூடி வைத்தாள். காற்று மோட்டார் மட்டும் ஓடியது, தீனி கிடையாது. நன்றாக இருக்கிற மீனுக்கு மூன்று நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. நான்காம் நாள் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினாள். பையனுக்குத் தனியாக ஒரு இரவு விளக்கு வாங்கியாயிற்று. தொட்டி விளக்குக்கு டைமர் போட்டு 6 மணி நேரம். தீனிப் பொறுப்பு பையனுக்கு மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு ஒரு சிட்டிகை.

இரண்டாவது வாரம் போன் செய்தவன் பையன்தான். "பாட்டி, பதினோரு மீன் இல்ல, பத்தொன்பது!" கப்பி அந்தப் பச்சைக்குள்ளேயே குட்டி போட்டிருக்கிறது. பெரிய மீன்களின் கண்ணில் படாமல் பாசித் தண்ணீரே குட்டிகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். புதுத் தொட்டியில் பழுப்பாகத் தூசிபோல் படிவது டயட்டம், துடைத்தால் போய்விடும், சில வாரத்தில் தானே அடங்கும். நீலப்பச்சையாக, ஏடுபோல் வழவழவென்று உரிந்து, ஒரு நாற்றத்தோடு இருந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மூன்று நாள் இருட்டு வையுங்கள். இலை ஓரத்தில் கறுப்புத் தாடிபோல் வளர்வது, நம்புங்கள், சிவப்புப் பாசி வகை. அது பிடித்த இலையை வெட்டி எறிவதுதான் சுலபம்.

வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். சில ஊர்களில் போர் தண்ணீரிலேயே நைட்ரேட் அதிகம். அங்கே ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா போல வேகமாக வளரும் செடிகளை வையுங்கள். அவை உரத்தைப் பாசிக்கு முன்பாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பான டீச்சர்தான். கடையில் "டேங்க் கிளீனர், பாசியெல்லாம் தின்னுடும்" என்று விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீனைக் கொடுப்பார்கள். தென் அமெரிக்க மீன். ஓர் அடிக்கு மேல் வளரும், வளர வளரப் பாசியைவிடத் தீனியில்தான் குறியாக இருக்கும், கழிவும் அதிகம். தொட்டி போதாமல் போனதும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் இது பெருகிவிட்டது. உடம்பெல்லாம் கவசம்போல் தகடு. வலையைக் கிழிக்கிறது, கரையில் வளை தோண்டுகிறது, பிடித்தாலும் விலை போவதில்லை. நஷ்டம் மீனவர்களுக்கு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரி, குளம், கிணறு, எதிலும் விடாதீர்கள்.

மதுரை அத்தைக்கு: உங்கள் தொட்டியும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. போன பொங்கலுக்கு வந்தபோதே பார்த்தேன்.