பெட்ரோல் மூடியின் சாவி

என் வண்டிக்கு இரண்டு சாவிகள். கிளப்புகிற சாவி என் பையில் இருக்கும். பெட்ரோல் டேங்க் மூடியின் சாவி அவருடைய கொத்தில் இருக்கும்.

வண்டி டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100. வேலைக்குப் போகும் பெண்கள் வண்டி வாங்க, 2018இல் அரசு பாதி விலையை, அதிகபட்சம் 25,000 ரூபாயை, மானியமாகக் கொடுத்தபோது வாங்கியது. ஆர்.சி. புக் என் பேரில். மீதித் தவணை என் சம்பளத்தில். எக்ஸ்.எல்.லில் டேங்க் சீட்டுக்கு முன்னால் வெளியே தெரியும். சாதாரண மூடியை யாரும் திருகிவிடலாம். எங்கள் தெருவில் பெட்ரோல் திருட்டு இருந்தது உண்மைதான். அவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து பூட்டு வைத்த மூடி வாங்கிவந்து மாட்டினார். கூட வந்த இரண்டு சாவிகளையும் தன் கொத்திலேயே கோத்துக்கொண்டார்.

பெட்ரோல் திருடுகிறவன் பெரும்பாலும் மூடியைத் தொடுவதில்லை. டேங்குக்குக் கீழே ட்யூபைப் பிடுங்கி பாட்டிலில் பிடித்துக்கொள்வான். பூட்டு மாட்டிய பிறகும் ஒருமுறை எங்கள் வண்டியில் அப்படிப் பிடித்துப் போனார்கள். பூட்டு பத்திரமாக இருந்தது.

நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். ஞாயிறு காலை அவரே வண்டியை பங்க்குக்கு எடுத்துப்போய் 2 லிட்டர் போட்டு வருவார். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 100. கடைக்குப் போக 8, வர 8, ஆறு நாளைக்கு 96. மிச்சம் 4. அம்மா வீடு 22 கிலோமீட்டர்.

ஒரு நாளும் அவர் என்னைப் போகாதே என்று சொன்னதில்லை. கை நீட்டியதில்லை. "இவ்வளவு சீக்கிரமா எப்படித் தீந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். காய்கறிக்குச் சுற்றிப்போனேன், ரோட்டில் வேலை நடக்கிறது என்று நானும் சொல்வேன். அவர் கேட்டதைவிட, நான் ஓடி ஓடிப் பதில் சொன்னதுதான் இப்போது கூசுகிறது.

அம்மா புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தபோது ஓட்டப் பழகியவள். பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து ரேஷன் கடைக்குப் போவாள். "ஒனக்கென்னடி, மோட்டாரு வண்டி" என்பாள். நான் ஏன் வருவதில்லை என்று அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

போன வருடம் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. எட்டாம் நாள் காலை பக்கத்து வீட்டு அத்தை போன் செய்தார். கண் சிவந்து வலிக்கிறது, பார்வை மங்குகிறது என்கிறாள். அவர் பத்து நாள் வேலையாகத் திருப்பூரில் இருந்தார். வண்டி ரிசர்வில் ஓடிக்கொண்டிருந்தது. போன் போட்டேன். "சாவி எங்கிட்டதான் இருக்கு. பஸ்ல போயேன்" என்றார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். ஆனால் அம்மா ஊருக்கு அடுத்த பஸ் மதியம் 2 மணிக்கு.

மெக்கானிக் கடைப் பையன் உளியும் சுத்தியலும் எடுத்தான். பிறகு கையை நிறுத்தி, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்க்கா" என்று போனைத் தேடினான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் ஓரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரப் பெரியவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆர்.சி. புக் இருக்கா ஆத்தா?" காட்டினேன். பேரைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

உளியைப் பற்றிச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "காலி டேங்குதானேன்னு லேசா நெனைக்கக் கூடாது. உள்ள பூராவும் ஆவி. ஒரு பொறி போதும்." ட்ரில் போட்டாலும் அதே பயம்தான், அதோடு இரும்புத்தூள் டேங்குக்குள் விழுந்து கார்புரேட்டர் வரை போகும் என்றார். வாயிலிருந்த பீடியைத் தூர எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். சாவித் துவாரத்தின் புழுதியை ஊதி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். பல் வெட்டாத சாவி ஒன்றை உள்ளே விட்டு, அழுத்தித் திருகப் பார்த்து, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே இருக்கும் தகடுகள் உரசிய இடம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் அரத்தால் நாலு இழுப்பு. மறுபடி உள்ளே. மறுபடி வெயிலில். கண்ணுக்குத் தெரியாத பூட்டை அது பதிக்கிற தடத்தை வைத்தே படிக்கிறார். நான் பதற்றத்தை மறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அவசரப்பட்டு நெறைய அராவிட்டா சாவி வீணு" என்றார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பியது.

"ஒண்ணு போதுமா, ரெண்டா?"

"ரெண்டு."

பங்க்கில் முழு டேங்க் போடச் சொன்னேன். அம்மாவை 11 மணிக்குள் கண் ஆஸ்பத்திரியில் காட்டினேன். கிருமி தொற்றியிருந்தது, நல்லவேளை அன்றைக்கே வந்தீர்கள் என்றார் டாக்டர். அடுத்த இரண்டு வாரம் கடை முடிந்து நாள் தவறாமல் போனேன். எப்படி தினமும் வர முடிகிறது என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு முன்பே எல்லாம் தெரியும்போல.

அவர் திரும்பிவந்த ஞாயிறு வழக்கம்போல வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் வந்தார். ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.

"டேங்க் நெறஞ்சிருக்கே" என்றார்.

"ஆமா" என்றேன். தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.