மண்ணுக்குள் போகும் ஆறு அங்குலம்

பேவர் பிளாக் பதித்த வாசல் கெட்டுப்போனதா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். மழை விட்ட மறுநாள் காலையில் போய் நின்றால் போதும். கார் சக்கரம் ஏறி இறங்கும் இரண்டு தடத்திலும் தண்ணீர் நீளமாகத் தேங்கியிருக்கும். கேட்டை ஒட்டிய முதல் இரண்டு வரிசை சாய்ந்திருக்கும். காலை வைத்து அழுத்தினால் இடுக்கு வழியே சாம்பல் நிறக் குழம்பு கொப்பளித்து வரும். அந்த இடத்தில் ஒரு பிளாக்கை நெம்பி வெளியே எடுத்தால், பெரும்பாலும் அது முழுசாகத்தான் இருக்கும். முனைகூட உடைந்திருக்காது. ஆனாலும் வீட்டுக்காரர் குறை சொல்வது பிளாக்கைத்தான். ‘60 மி.மீ. போட்டது தப்பு, 80 மி.மீ. போட்டிருக்க வேண்டும்’ என்பார். பதிக்கும் வேலை நடக்கும் இடங்களில் நின்று பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்ட விஷயம் வேறு: பேவர் வாசலின் ஆயுள், பிளாக் ஏற்றிய வண்டி தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மண்ணுக்குள் புதைந்துபோகும் ஆறு அங்குல ஜல்லியும், அதை இறுக்கிய விதமும்தான் அதை முடிவுசெய்கின்றன.

இது ஏன் என்று விளங்க, பிளாக் எப்படிப் பாரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். கான்கிரீட் தளம் ஒரே பலகை. ஓரிடத்தில் ஏறிய பாரத்தைத் தன் உடல் முழுக்கப் பரப்பிவிடும். பேவர் அப்படியில்லை. தனித்தனிக் கற்கள், நடுவே 2 முதல் 4 மி.மீ. இடுக்கு, இடுக்கில் மணல். கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக் கொஞ்சம் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். மீதியெல்லாம் நேரே கீழேதான் இறங்கும். ஒரு நடுத்தரக் கார் 1,200 கிலோ என்றால், சக்கரத்துக்கு 300 கிலோ, அதுவும் உள்ளங்கை அளவு இடத்தில். அந்த 300 கிலோவை விரித்து, மண் தாங்கும் அளவுக்கு மெலிதாக்கிக் கொடுப்பது ஜல்லிப் படுகை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்கடம் 1816இல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளின் பொறுப்பை ஏற்றபோது இதைத்தான் செய்து காட்டினார். பெரிய பாறைகளை அடியில் அடுக்கத் தேவையில்லை, முனை முனையாக உடைத்த சிறு கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு இறுகினால் போதும், அடிமண் ஈரமாகாமல் இருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பது அவர் கணக்கு. நம் ஊர்ச் சாலைக்காரர்கள் ‘மெக்கடம்’ என்று இன்றும் சொல்வது அவர் பெயரைத்தான்.

இங்கே ஒரு சொல் நம்மைத் தடுக்கி விழவைக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளில் பேவருக்குக் கீழே ‘கிராவல்’ போடு என்று இருக்கும். தமிழ்நாட்டில் கிராவல் என்று கேட்டால் லாரியில் வந்து இறங்குவது சரளை கலந்த செம்மண். அவர்கள் சொல்வது உடைத்த கல். நமக்கு வருவது மண். மனையை உயர்த்த, மேடு தட்ட அது நல்ல மண்தான். புதுக்கோட்டைப் பக்கம்போலச் செம்புறை நிலமாக இருந்து, தண்ணீர் நிற்காத மேட்டிலும் இருந்தால், நடைபாதைக்கு அதை நன்றாகத் திமிசு போட்டு அதன்மேல் பதித்தாலும் பல வருடம் நிற்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கார் ஏறும் இடத்துக்கு அது படுகையாகாது. அதில் உள்ள களி தண்ணீரைக் குடித்ததும் நெகிழும், காய்ந்ததும் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும் வாசலில் இந்த நெகிழ்ச்சி ஒன்றே போதும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலுக்கு இன்னும் கவனம் வேண்டும். அந்த மண் உப்பி எழுவது. அங்கே படுகையின் கனத்தைக் கூட்டி, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணியும் விரிக்காவிட்டால், சில வருடத்தில் ஜல்லி களிக்குள் இறங்கிவிடும்.

சரி, எந்த ஜல்லி? ஒரே அளவு முக்கால் ஜல்லியைத் தட்டினால் அது இறுகாது. கோலிக்குண்டுகள்போல உருண்டுகொண்டே இருக்கும். ஒன்றரை இன்ச், முக்கால், அரை, சிப்ஸ், பொடி என எல்லா அளவும் கணக்காகக் கலந்த கலவை வேண்டும். பெரிய கற்களின் சந்தில் சிறியது, சிறியதின் சந்தில் பொடி என்று நிரம்பினால்தான் படுகை ஒரே கட்டியாகும். நெடுஞ்சாலை வேலையில் ‘வெட் மிக்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். பல பெரிய கிரஷர்களில் கலந்தே கிடைக்கும். கல்லின் தரத்தில் நமக்குக் குறையில்லை: பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோகைட் கல் உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்ற கெட்டிக் கல். குவாரிப் பலகைகளில் ‘புளூ மெட்டல்’ என்று எழுதியிருக்கும் நீலச் சாம்பல் ஜல்லி பெரும்பாலும் இத்தகைய கெட்டிக் கல்தான். வந்து இறங்கிய கலவை சரியா என்று பார்க்கக் கையே போதும். ஒரு பிடி அள்ளி இறுக்கி விரித்தால், உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். உள்ளங்கையில் ஈரம் பட வேண்டும், சொட்டக் கூடாது. உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் சேறு ஒட்டினால் அதில் மண் கலந்திருக்கிறது. திருப்பி அனுப்புவதே நல்லது.

அளவு பிசகுவது பெரும்பாலும் தோண்டும்போதுதான். 6 அங்குலப் படுகை, 30 மி.மீ. மணல், 60 மி.மீ. பிளாக், கூட்டினால் முடிந்த மட்டத்திலிருந்து ஏறக்குறைய 10 அங்குலம் கீழே போக வேண்டும். நடப்பில் 4 அங்குலம் வழித்து எடுப்பதோடு கடப்பாரையைச் சாய்த்துவிடுகிறார்கள். 10 அடி அகலம், 30 அடி நீளம் உள்ள வாசலுக்கு இறுகிய நிலையில் 150 கன அடி ஜல்லி தேவை; இறுகும்போது அமுங்குவதையும் சேர்த்தால் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வாங்க வேண்டும். அதை ஒரே தட்டாகக் கொட்டி மேலே மிஷினை ஓட்டினால் பயனில்லை. சின்ன பிளேட் காம்பாக்டரின் அதிர்வு மூன்று, நான்கு அங்குலத்துக்குக் கீழே சரியாக எட்டாது. மேல்தோல் இறுகி அடி பொலபொலவென்று கிடக்கும். இரண்டு தட்டாகப் பரப்பி, ஒவ்வொரு தட்டையும் தண்ணீர் தெளித்துத் தனித்தனியாக இறுக்க வேண்டும். கைதேர்ந்த ஆள் இதைக் காதால் அளக்கிறார். முதல் ஓட்டத்தில் மிஷின் அமுங்கி, மந்தமாக உறுமிக்கொண்டு நகரும். நான்காவது, ஐந்தாவது ஓட்டத்தில் சத்தம் கணீரென்று மாறும். தகடு படுகையில் பட்டுத் துள்ளும். கைப்பிடியில் அதிர்வு முழங்கை வரை ஏறும். அந்தத் துள்ளல் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி கேட்ட பிறகுதான் அவர் மிஷினை நிறுத்துவார். சுவரோரத்திலும் கேட் தூணை ஒட்டியும் தகடு நுழையாது; அங்கே கைத்திமிசுதான். கேட் பக்கத்து வரிசைகள் முதலில் சாய்வதற்கு இந்த மூலைகளை விட்டுவிடுவதும், ஓரத்தில் கர்ப் கல் இல்லாததுமே காரணம்.

வாட்டமும் படுகையிலேயே வந்துவிட வேண்டும். 50 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில், 30 அடி வாசலுக்கு 7 அங்குலம் இறக்கம். அதைப் படுகையில் கொடுக்காமல் மேல் மணலை ஒரு பக்கம் ஏற்றி இன்னொரு பக்கம் குறைத்துச் சரிக்கட்டுவது வழக்கமாகிவிட்டது. மணல் கனமாக உள்ள பக்கம் அமுங்கும், மெலிதான பக்கம் நிற்கும், வாட்டம் தலைகீழாகிவிடும். மணல் எல்லா இடத்திலும் ஒரே கனமாக, இரண்டு குழாய்களை வைத்து மேலே மட்டப்பலகையை இழுத்துச் சமன்செய்ததாக இருக்க வேண்டும். அதிலும் எம்-சாண்ட் வேண்டிய இடத்தில் மலிவு என்று கிரஷர் டஸ்ட்டைப் பரப்புகிறார்கள். மாவுபோன்ற பொடி மிகுந்த டஸ்ட், தண்ணீரை வடியவிடாது. சக்கரம் ஏறும்போதெல்லாம் பிளாக் பம்பு தகடுபோல அமுக்க, அந்தப் பொடி குழம்பாகி இடுக்கு வழியே வெளியேறும். மழைக்கு மறுநாள் காலில் ஒட்டும் சாம்பல் குழம்பு இதுதான்.

இவ்வளவு எதற்கு, நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டு அதன்மேல் பதித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாரத்துக்கு அது தாங்கும்தான். ஆனால் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீர் கான்கிரீட்டின் மேல் தங்கும். வடிதுளை விடாவிட்டால் மணல் வருடம் முழுக்க ஊறிக் கிடக்கும். அடியில் குழாய் உடைந்தால் பிளாக்கை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டையும் உடைக்க வேண்டும். எடுத்து எடுத்துப் பதிக்கலாம் என்ற வசதிக்காகத்தானே பேவரையே தேர்ந்தெடுத்தோம்? வீட்டுக் கார்தானே, லாரியா வரப்போகிறது என்பது இன்னொரு வாதம். சம்புக்குத் தண்ணீர் ஊற்ற 12,000 லிட்டர் லாரி வந்தால் தண்ணீரே 12 டன்; செப்டிக் டேங்க் லாரியும் எப்போதாவது வரும். லாரியே வராவிட்டாலும், கார் ஒவ்வொரு நாளும் அதே இரண்டு தடத்தில்தான் ஏறுகிறது. ஈரமான மண்ணுக்கு அதுவே போதும். மூன்றாவது வாதத்துக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன்: இறுக்கிய படுகை மழைநீரைப் பூமிக்குள் விடாதே என்பது. 2003இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் நியாயமான கேள்வி. நீர் இறங்கத்தான் வேண்டும் என்றால் பொடியில்லாத ஜல்லியில், பெரியது கீழே, சிறியது மேலே, பிளாக்கின் அடியிலும் இடுக்கிலும் மணலுக்குப் பதில் சிறு சிப்ஸ் என்று முழு அமைப்பையும் வேறாகக் கட்ட வேண்டும். அடியில் சந்துள்ள ஜல்லியைப் போட்டு மேலே மணலைக் கொட்டினால் மணல் சந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். பிளாக்கும் அதன் பின்னால் இறங்கும். இரண்டில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

மலையை உடைத்து வரும் ஜல்லியை வாசலில் புதைப்பது எனக்கும் உறுத்துகிறது. இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை முறையாக உடைத்துச் சலித்த ஜல்லி இந்த வேலைக்குப் பொருத்தமானது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் மறுசுழற்சி ஜல்லிக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் செங்கல் துண்டு, பூச்சு, பிளாஸ்டிக் எல்லாம் கலந்த ரப்பிஷைக் குழியில் தள்ளி மூடுவதை மறுசுழற்சி என்று சொல்ல முடியாது.

இத்தனையும் பதிக்கும் தொழிலாளிகளுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்யாமல் போவதற்குக் காரணம் கூலி முறை. பேசுவது சதுர அடிக் கணக்கு. கணக்கில் வருவது கண்ணுக்குத் தெரியும் பிளாக் பரப்பு மட்டும். இரண்டாவது தட்டுக்கு மறுபடி மிஷின் ஓட்டினால் அந்த டீசலும் அரை நாளும் அவர்கள் கையிலிருந்து போகிறது. காலை முதல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையுறை இல்லாமல் சிமெண்ட் கல்லைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மழுங்கிப்போன ஒருவரிடம், காசு கொடுக்காத வேலையை மனச்சாட்சிக்காகச் செய் என்று கேட்பது நியாயமில்லை. ஓரத்துக்குப் பிளாக் அறுக்கும்போது கட்டர் மிஷினிலிருந்து பறக்கும் வெள்ளைத் தூசியில் சிலிகா இருக்கிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஈரமாக அறுத்தால் அந்தத் தூசியில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடும்.

வாசலுக்குப் பேவர் போடப் போகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒப்பந்தத் தாளில் படுகைக்குத் தனி வரி எழுதுங்கள்: தோண்டும் ஆழம், ஜல்லிக் கலவை, எத்தனை தட்டு, அதற்கான கூலி. இரண்டாவது தட்டு இறுகியதும் மணல் பரப்பும் முன் அந்தப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். கட்டர் மிஷின் ஓடத் தொடங்கும்போது தோட்டத்துக் குழாயை இழுத்துவந்து பிளேடின்மேல் தண்ணீர் விடுங்கள். அறுப்பவருக்கு ஒரு முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள்.