"நீங்களும் இப்ப எங்களோட தானே?"

2024 நவம்பர் 15 விடிய எங்களில் ஒருத்தரும் நித்திரை கொள்ளவில்லை. வெள்ளவத்தையில் மூன்று பேர், கொட்டாஞ்சேனையில் ரெண்டு பேர், எல்லாரும் போனும் கையுமாக இருந்தோம். யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று தேசிய மக்கள் சக்திக்கு என்று முடிவு வந்தது. திங்கட்கிழமை கம்பஸுக்குப் போனால், கூடப் படிக்கிற சிங்கள நண்பன் தோளில் கை போட்டு, "நீங்களும் இப்ப எங்களோட தானே மச்சான்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். வீட்டில் பெரியாக்கள் "எல்லாம் முடிஞ்சுது, தமிழன் தன்னை வித்துப்போட்டான்" என்றார்கள். ரெண்டு பக்கமும் வாசித்தது அந்த ஒரே 'மூன்று' என்ற எண்ணைத்தான்.

நாங்கள் கன்டீனில் இருந்து கணக்குப் பார்த்தோம். தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகள், அதாவது 24.85 வீதம். தமிழரசுக் கட்சிக்கு 63,327. தமிழ்க் காங்கிரஸுக்கு 27,986. சுயேச்சைக் குழு 17க்கு 27,855. கால்வாசி வாக்குக்கு எப்படி அரைவாசி ஆசனம்? முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். 5 வீதம் எடுக்காத கட்சிகளின் வாக்குகளைக் கழித்து, மிச்சத்தை ஐந்தால் பிரித்தால் ஒரு ஆசனத்துக்கு ஏறக்குறைய 48,000. அதில் தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. மிச்ச மூன்றும் கூடுதலாக வாக்கு மீந்திருக்கிற கட்சிகளுக்கு. அங்கேயும் தேசிய மக்கள் சக்திதான் முதலாவது.

அப்போ ஒன்றுமே மாறவில்லையா? அப்படியும் சொல்ல ஏலாது. ரெண்டு மாதத்துக்கு முன் ஜனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்தில் அநுரவுக்குக் கிடைத்தது 27,086 வாக்குகள்தான். அது மூன்று மடங்கானது உண்மை. ஆறு ஆசனத்துக்கு 396 பேர் போட்டியிட்டதும் உண்மை. தமிழ்க் கட்சிகள் பிரிந்து நின்றதற்கு ஆசனக் கணக்கு தண்டனை கொடுத்தது. சனமும் கொஞ்சம் கொடுத்தது.

கொழும்புக் கதை எங்கட சொந்தக் கதை. எங்களில் மூன்று பேர் திசைகாட்டிக்குப் போட்டோம், ரெண்டு பேர் டெலிபோனுக்கு. வாக்குச்சீட்டில் ஒரு கட்சிக்குத்தான் புள்ளடி. விருப்பு வாக்கு மூன்றும் அதே கட்சிக்குள்ளேயேதான். ஊழலும் ஒழியவேணும், மனோ கணேசனும் உள்ளே போகவேணும் என்று நினைத்தவருக்கு அந்தத் தாளில் இடமில்லை. மாவட்டத்தின் 18 ஆசனங்களில் 14 திசைகாட்டிக்கு. மனோ தோற்றார், பிறகு தேசியப் பட்டியலால் போனார். திசைகாட்டிக்குப் போட்ட மூன்று பேரும் அன்றைக்குச் சந்தோஷப்பட்டோம், குற்ற உணர்வும் பட்டோம். ரெண்டையும் முடிவுப் பட்டியல் காட்டாது.

ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் 27 நாடுகளின் 720 உறுப்பினர்கள் நாடு வாரியாக இல்லை, அரசியல் குழு வாரியாகத்தான் இருக்கிறார்கள். ஒரு ஜெர்மன்காரர் பசுமைக் குழுவில் இருப்பதால் அவர் ஜெர்மன்காரர் இல்லை என்று ஒருத்தரும் சொல்வதில்லை. எங்கட பாராளுமன்றத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட தேசியங்கள் இருக்கின்றன. ஆனால் இங்கே ஒரு தமிழர் தெற்குக் கட்சிக்குப் புள்ளடி போட்டால், அவர் தமிழ்க் கோரிக்கைகளையும் கைவிட்டுவிட்டார் என்று வாசிக்கிறார்கள். விலைவாசிக்கும் ஊழலுக்கும் எதிராகப் போட்ட வாக்கு, அதிகாரப் பகிர்வு வேண்டாம் என்ற வாக்காக மாறிவிடுகிறது.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சி திரும்ப முன்னுக்கு வந்தது. கொழும்பு மாநகர சபையில் 117க்கு 48தான் திசைகாட்டிக்கு. ஆறு மாதத்தில் சனத்தின் இனம் மாறவில்லை, கேள்விதான் மாறியது.

கணக்கு எழுதிய தாளை நண்பனிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நீங்கள் எங்களோட இல்லையா?" என்று கேட்டான். உன்னோடதான் மச்சான். ஆனால் நாங்களாகத்தான்.