17 நாடுகளுக்கு ஒரு பாஸ்

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். யாரோ தோளைத் தட்டி எழுப்பினார்கள். பாரிஸிலிருந்து வெனிஸ் போகும் ரயில். ஆறு பேர் படுக்கும் பெட்டியில் எனக்கு நடு பெர்த். முகத்தில் டார்ச் வெளிச்சம். சீருடை அணிந்த ஒருவர் கையில் என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

"விசா எங்கே?" என்றார் ஆங்கிலத்தில்.

இருக்கிறதே என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "இது ஷெங்கன் விசா. இப்போது நீங்கள் இருப்பது ஸ்விட்சர்லாந்து. பையை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்."

எதிர் பெர்த்துகளில் இரண்டு கனடாக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். இரவில் பயணிகளின் தூக்கம் கெடக் கூடாது என்று கண்டக்டர் மாலையிலேயே எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வது அந்த ரயில்களில் வழக்கம். என்னுடையதோடு அவர்களுடையதையும்தான் வாங்கியிருந்தார். அவர்களை யாரும் எழுப்பவில்லை. மேலே வைத்திருந்த பையை இழுக்கும்போது அது தலையில் விழுந்தது. "ஐயோ அப்பா" என்றேன். அந்த இரண்டு சொற்கள் பிறகு முக்கியமாகப் போகின்றன என்று அப்போது தெரியாது.

இது நடந்தது 1998 ஜூலையில். எனக்கு 24 வயது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் 1900-க்குத் திரும்பிவிடும் என்று கம்பெனிகள் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த நடுக்கத்தின் புண்ணியத்தில் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறினார்கள். என்னை இரண்டு மாதத்துக்கு ஃபிராங்க்பர்ட் அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் 15 நாள் லீவு கேட்டேன். கொடுத்துவிட்டார்கள்.

கிளம்பும்போதே இதற்குத் தயாராக இருந்தேன். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக விற்கப்படும் யூரெயில் பாஸை ஊரிலேயே வாங்கியிருந்தேன். அப்போது 26 வயது நிரம்பாதவர்களுக்குச் சலுகை இருந்தது. பாஸோடு ஒரு வரைபடமும் வந்தது. நார்வேயிலிருந்து கிரீஸ் வரை, போர்ச்சுகலிலிருந்து ஹங்கேரி வரை 17 நாடுகள். ஒரே பாஸைக் காட்டி எதில் வேண்டுமானாலும் ஏறலாம். என் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். ஃப்ரீ பாஸில் இந்தியா முழுக்கச் சுற்றியவர். அந்த வரைபடத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "பதினேழு நாடா? எல்லையில நிறுத்த மாட்டானா?" என்று கேட்டார். "அதெல்லாம் இப்ப கிடையாதுப்பா" என்றேன்.

பாதிதான் உண்மை. 1985-இல் லக்ஸம்பர்கில் உள்ள ஷெங்கன் என்ற சின்ன ஊரில் கையெழுத்தான ஒப்பந்தம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. நான் போன கோடையில் ஒன்பது நாடுகளில் எல்லைச் சோதனை எடுபட்டிருந்தது: பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க், ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, ஆஸ்திரியா. ஸ்விட்சர்லாந்து அதில் இல்லை. பாஸ் செல்லும், விசா செல்லாது. இந்த வித்தியாசத்தை பாஸ் விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரான்ஸிலிருந்து இத்தாலிக்குப் போகும் ரயில் இடையில் ஸ்விட்சர்லாந்தில் புகுந்து புறப்படும் என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். கோட்டைப் பார்த்தேன், அது எந்த மண்ணில் ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

அதுவரை பயணம் கனவு போலத்தான் போய்க்கொண்டிருந்தது. கொலோன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அண்ணாந்து பார்க்க வைத்த கதீட்ரல். 1248-இல் தொடங்கி 1880-இல் கட்டி முடித்தார்கள். முதுகுப் பையோடு 533 படி ஏறி, மேலே போய் ரைன் நதியைப் பார்த்தேன். ஆம்ஸ்டர்டாம் யூத் ஹாஸ்டலில் ஒரே அறையில் 12 பேர். ரொட்டி, வாழைப்பழம், அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி. ஒரு மார்க் சுமார் 23 ரூபாய். எதை வாங்கினாலும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்து, பாதி நேரம் திரும்ப வைத்துவிடுவேன். இரவு ரயிலில் தூங்கினால் ஹாஸ்டல் வாடகை மிச்சம் என்பது கூடப் பயணித்தவர்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

ஜூலை 12 அன்று பாரிஸில் இருந்தேன். பிரேசிலை 3-0 என்று வென்று பிரான்ஸ் உலகக் கோப்பையைத் தட்டிய இரவு. இரண்டு கோல் அடித்த ஜிடேனின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவருடைய முகத்தை வெற்றி வளைவின் மேல் ஒளிப்படமாகப் பாய்ச்சினார்கள். தெருவெல்லாம் மனிதத் தலை. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். எந்த ஊர், என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. உலகம் இப்படித்தான் இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வெனிஸ் ரயிலில் ஏறினேன்.

இறக்கிவிட்ட இடம் ஜூரா மலைப் பகுதியில் ஒரு சின்ன எல்லை ஸ்டேஷன். ஜூலையிலும் குளிர். அலுவலக அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதிகாரி பொறுமையாகத்தான் விளக்கினார். என்னிடம் இருந்தது ஒரு முறை மட்டும் நுழையும் விசா. ஸ்விட்சர்லாந்துக்குள் விட்டால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாக ஆகிவிடும், அப்புறம் இத்தாலிக்குள் நுழைய முடியாது. காலை முதல் ரயிலில் பிரான்ஸுக்கே திருப்பி அனுப்புவார்கள். அவ்வளவுதான். ஆனால் என் மூளை அதைக் கேட்கிற நிலையில் இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுமோ, கம்பெனிக்குத் தெரியுமோ, வேலை போய்விடுமோ என்று ஓடிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதே ரயிலிலிருந்து இறக்கப்பட்டவன். இருபது வயது இருக்கும். அவனுக்குப் பொருந்தாத பெரிய ஜாக்கெட். மடியில் ஒரு சின்னப் பை. கையில் டெலிபோன் நம்பர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். "சிஸ்டர். பேர்ண். சிஸ்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதிகாரி பிரெஞ்சில் கேட்டார், ஜெர்மனில் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டல் ஆமாவா இல்லையா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அதிகாரி என் பாஸ்போர்ட்டை மறுபடி திறந்தார். பிறந்த இடத்தைப் படித்தார். "தமிழ்நாடு. தமிழ்?" என்றார். அந்தச் சொல் அங்கே புதிதல்ல. 1980-களிலிருந்தே இலங்கைத் தமிழர்கள் ஸ்விட்சர்லாந்தில் தஞ்சம் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"நீங்கள் இருவரும் ஒன்றாக வந்தீர்களா?"

"இல்லை" என்றேன். வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாக. உடனே யூரெயில் பாஸை எடுத்துக் காட்டினேன். டிராவலர்ஸ் செக்கைக் காட்டினேன். கம்பெனி அடையாள அட்டை, திரும்பும் விமான டிக்கெட் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன். நான் வேறு, அவன் வேறு.

"இவன் மொழி உங்களுக்குத் தெரியுமா? கொஞ்சம் உதவ முடியுமா?"

"இந்தியாவில் நிறைய மொழிகள். தெரியாது" என்றேன்.

அவர் நம்பினாரோ இல்லையோ, ஏதோ எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் நாலு மணி நேரம் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டதால், குளிருகிறதா என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

மூன்று மணி வாக்கில் அவர் போன் பேச வேறு அறைக்குப் போனார். அவன் முகத்தைத் திருப்பாமலே மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, எந்த ஊர்?"

ரயிலில் என் தலையில் பை விழுந்தபோது நடைவழியில் நின்றிருக்கிறான். நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

"திருச்சி" என்றேன்.

"எங்கட அம்மம்மாவும் திருச்சியிலதான் இருக்கிறா. கொட்டப்பட்டு முகாமில. தொண்ணூறில போனவா." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் பயப்பிடாதேங்கோ அண்ணா. உங்களுக்கு விசா இருக்குத்தானே. விட்டிடுவாங்கள்" என்றான். கொழும்பை விட்டுக் கிளம்பி ஏழு மாதம் ஆகிறதாம். இப்படி உட்கார்ந்திருப்பது பழகிப் போச்சுதாம்.

நான் மறுத்தவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

செருப்புச் சத்தம் கேட்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அப்போதாவது எழுந்து, "ஐயா, பயத்தில் பொய் சொல்லிவிட்டேன். இவன் அக்கா பேர்ணில் இருக்கிறாள், இவன் தஞ்சம் கேட்கிறான்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம். எழவில்லை. இவனோடு சேர்த்து என்னையும் ஒரு பட்டியலில் எழுதிவிடுவார்கள் என்ற பயம் கடைசிவரை போகவில்லை.

விடிந்ததும் ரயில் வந்தது. பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்கள். முத்திரை எதுவும் இல்லை. அவன் பெஞ்சில்தான் இருந்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் ஆட்டினேனா என்று நினைவில்லை.

மீதிக் கதை ரயில் டைம்டேபிள் பார்க்கத் தெரிந்த எவருக்கும் எளிது. டீஜான், லியோன் வழியாகத் தெற்கே இறங்கி, மொடான் என்ற ஊரில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871-இல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதை வழியாக டூரின் போனேன். அந்தப் பாதை ஸ்விட்சர்லாந்தைத் தொடுவதில்லை. அங்கே பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவே இல்லை. வெனிஸிலிருந்து அப்பாவுக்கு போன் செய்தேன். "எல்லையில நிறுத்தினானா?" என்றார். "இல்லப்பா" என்றேன். இரண்டாவது பொய்.

வெனிஸும் ரோமும் பார்த்தேன். துக்கத்தில் எதையும் ரசிக்க முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது நடக்கவில்லை. ரசித்தேன். படம் எடுத்தேன். இரண்டே நாளில் அந்த இரவை நண்பர்களிடம் சொல்லிச் சிரிக்கும் வேடிக்கைக் கதையாக மாற்றிவிட்டேன். அந்தக் கதையில் பெஞ்சில் நான் மட்டும்தான் இருந்தேன்.

முதுகில் பை, கையில் காகிதம், கண்ணில் தூக்கமின்மை, ஐரோப்பாவில் முதல் முறை. எங்கள் இருவருக்கும் எல்லாம் ஒன்றுதான். என் பையில் திரும்பும் டிக்கெட் இருந்தது. ஊர் சுற்றுவது என்று நாம் சொல்வதெல்லாம் அந்த டிக்கெட் இருப்பவர்களுக்குத்தான்.

இப்போது அந்தப் பாதையில் என்னைப் போன்றவனை எழுப்ப வேண்டியதில்லை. 2008 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்து ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. இன்று 29 நாடுகளுக்கு ஒரே விசா போதும். ஈழப் போர் 2009-இல் முடிந்தது. ஸ்விட்சர்லாந்தில் தமிழர்கள் கடை வைத்திருக்கிறார்கள், கோயில் கட்டியிருக்கிறார்கள். அவர்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம். அன்றைக்கே பிரான்ஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கவும் கூடும்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொட்டப்பட்டு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். விமான நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறேன். 24 வருடத்தில் ஒரு முறைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஒரு பை நிறைய ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். பேரன் பத்திரமாக இருக்கிறான், ஜூலையில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

முகாம் வாசலில் இருந்த காவலர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "யாரைப் பார்க்கணும்?" என்றார்.

"யாழ்ப்பாணப் பக்கத்து அம்மா ஒருத்தர். தொண்ணூறுல வந்தவங்க. அவங்க பேரன் ஸ்விட்சர்லாந்து போயிருக்கான்."

"இங்க பாதிப் பேர் அப்படித்தான் தம்பி. பேர் சொல்லுங்க. அந்தம்மா பேர் இல்லாட்டி அந்தப் பையன் பேர்."

நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். நான் கேட்டிருக்கவில்லை.

"தெரியாது" என்றேன். இந்த முறை அது உண்மை.