எறும்புக்கு எட்டுக் காலா?

உங்க காலேஜ்ல மாமரம் இருக்கா? இருந்தா அண்ணாந்து பாருங்க. இலைகளைச் சேர்த்துத் தைச்ச மாதிரி ஒரு உருண்டை தொங்கினா, அதுதான் முசுறுக் கூடு. தன் புழுக்கள் விடுற பட்டு நூலை வச்சே இலையை ஒட்டுற செவப்பு எறும்பு. கூட்டத்துல ஒண்ணு மட்டும் சட்டுன்னு நின்னு, திரும்பிப் பார்த்து, ஆபத்துன்னா நூல் விட்டு இறங்குதா? காலை எண்ணுங்க... எட்டு! அது எறும்பு வேஷம் போட்ட சிலந்தி பாஸ். முன்னங்கால் ரெண்டையும் தூக்கி, உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கிட்டே திரியும். அறிவியல் பேரு மிர்மாப்லாட்டா பிளாட்டலியாய்டஸ். (சத்தமா சொல்லிப் பாருங்க, ரூம்மேட் தெறிச்சு ஓடுவான்.)

இந்த ஆசாமியோட கண்ணைப் படம் பிடிக்கணும்ங்கிற வெறியிலதான் எனக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப், டெலிகன்வெர்ட்டர் ரெண்டும் பழக்கமாச்சு. பெண் சிலந்தி சுமார் 7 மி.மீ. நீளம். வழக்கமான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 1:1 வரை போகும். அதாவது, சென்சார்லயும் அதே 7 மி.மீ.தான் விழும். நம்ம ஏ.பி.எஸ்.சி. கேமரா சென்சாரோட அகலம் 22, 23 மி.மீ. ஆக, படத்துல மூணுல ஒரு பங்குதான் சிலந்தி. கண்ணு? வெறும் புள்ளி!

ட்யூப்ங்கிறது நடுவுல கண்ணாடியே இல்லாத வெத்து வளையம். லென்ஸை சென்சார்லேர்ந்து தள்ளி நிறுத்தும், அவ்ளோதான். டென்ட் கொட்டாய்ல புரொஜக்டரைத் திரையிலேர்ந்து பின்னாடி நகர்த்தினா படம் பெருசாகுமே, அதே சங்கதி. 100 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. ட்யூப் போட்டா உருப்பெருக்கம் சுமாரா கால் பங்கு கூடும். அதே ட்யூப் 50 மி.மீ. லென்ஸ்ல அரை பங்கு கூட்டும். விலையும் கம்மி. ஆனா தூரத்துல ஃபோகஸ் ஆகாது, பூச்சிக்கு இன்னும் கிட்டப் போயாகணும். முசுறு மரத்துல கிட்டப் போறதுன்னா என்னன்னு தெரியுமில்ல? கடிச்ச இடத்துல ஃபார்மிக் அமிலத்தையும் பீச்சும்!

டெலிகன்வெர்ட்டர்ல கண்ணாடி இருக்கு. லென்ஸ் தர்ற படத்தோட நடுப்பகுதியைப் பெருசாக்கும். நீங்க நிக்கிற தூரம் மாறாது. 1.4 மடங்கு போட்டா 1 ஸ்டாப் வெளிச்சம் போச்சு. 2 மடங்கு போட்டா 2 ஸ்டாப்... வர்றது கால்வாசி வெளிச்சம்தான். லென்ஸ்ல இருக்கிற குறையும் சேர்ந்தே பெருசாகும்.

என் ஓட்டு? துளசிப் பூ, பட்டாம்பூச்சி முட்டைன்னா ட்யூப். ஓடுற, தாவுற, கடிக்கிற உயிர்னா கன்வெர்ட்டர்தான், விலை கூடுதலா இருந்தாலும். லென்ஸோட நிழல் விழுந்ததுமே சிலந்தி இலைக்கு அடியில எஸ்கேப் ஆயிடும். பத்து சென்டிமீட்டர் தள்ளி நிக்கிறதுக்குத்தான் அந்தக் காசு.

ரெண்டையும் சேர்த்துப் போடலாமா? தாராளமா. ஆனா வரிசை முக்கியம். கேமராவை ஒட்டி கன்வெர்ட்டர், அப்புறம் ட்யூப், கடைசியில லென்ஸ். 1:1 லென்ஸ் 25 மி.மீ. ட்யூபோட சுமார் 1.25 ஆகும், 2 மடங்கு கன்வெர்ட்டர் அதை 2.5 ஆக்கும். மாத்தி மாட்டினா 2.1-ஐத் தாண்டுறதே கஷ்டம். கேனானின் பழைய இ.எஃப். 100 மி.மீ. மேக்ரோல கம்பெனி எக்ஸ்டெண்டர் நேரா ஏறாது, முன்கண்ணாடி துருத்திக்கிட்டு இடிக்கும். நடுவுல 12 மி.மீ. ட்யூப் வச்சா ஏறிடும்!

வாங்கும்போது ஒரு உஷார். எனக்கு ஒரு கடைக்காரர் தலையில கட்டப் பார்த்த ட்யூப்ல மின் தொடர்புப் புள்ளிகளே இல்லை. இந்தக் கால லென்ஸ் பலதுல அபெர்ச்சரைக் கேமராதான் சொல்லி மூட வைக்கணும். புள்ளி இல்லேன்னா அது முழுசா திறந்தே கிடக்கும். கழட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துட்டுக் காசைக் கொடுங்க. புதுசா லென்ஸே வாங்கப் போறீங்கன்னா கணக்கு வேற. 2021-ல வந்த கேனான் ஆர்.எஃப். 100 மி.மீ. மேக்ரோ தனியாவே 1.4 மடங்கு போகும்.

2 மடங்குல ஃபோகஸ் ஆழம் அரை மி.மீ.கூடத் தேறாது. மூச்சு விட்டாலே கண்ணு போய் காது... ஸாரி, கால் வந்துடும்! எஃப் 22-ன்னு மூடினா ஆழம் கூடும், ஆனா ஒளி சிதறி மொத்தப் படமும் மசமசன்னு ஆயிடும். நான் எஃப் 8 பக்கம் நின்னுக்குவேன். ஃபிளாஷ் முன்னாடி ட்ரேஸிங் பேப்பர் ஒண்ணு. பத்துப் பதினஞ்சு படத்துல ஒண்ணு தேறினா சந்தோஷம்.

இந்தச் சிரமத்துக்குப் பயந்து பூச்சியை ஃப்ரிட்ஜ்ல வச்சு மயக்கி எடுக்கிற ஆளுங்க இருக்காங்க. அந்தப் படத்தைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். காலெல்லாம் துவண்டு, முகத்துல உயிரே இருக்காது. நிஜ சிலந்தி அப்படியா? லென்ஸைப் பார்த்ததும் அதுவே திரும்பி, முன்னாடி இருக்கிற ரெண்டு பெரிய கண்ணால உங்களை நேரா முறைக்கும். பெருக்கத்தை லென்ஸ்ல முன்னாடியே வச்சுட்டு, கேமராவை முன்னும் பின்னும் துளித் துளியா நகர்த்துங்க. அந்த ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு வந்த நொடியில... க்ளிக்!