ஒரே அச்சு, வேறு வேறு முகம்

நவராத்திரி நெருங்கினால் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் செங்கம் சாலைக் கடைகளில் ரமணர் பொம்மைகளைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். கோவணம், கைத்தடி, கமண்டலம், எல்லாம் ஒரே அச்சு. ஆனாலும் ஒரு முகம் போல இன்னொன்று இருக்காது. அச்சில் எடுத்த களிமண் காய்ந்து, சூளையில் வெந்து, வெள்ளைப் பூச்சும் வண்ணமும் ஏறிய பிறகு கடைசியாகத்தான் கண் எழுதுவார்கள். கருவிழி ஒரு நூல் விலகினாலும் பார்வையே மாறிவிடும். புகைப்படக்காரர் வெலிங் எடுத்த ரமணர் படத்தின் கருணைப் பார்வைக்குப் பழகிய ஊர் இது. இங்கே அந்தக் கண்ணை எழுதப் பெரிய மனசும் கைத்திறனும் வேண்டும்.

உலகம் இப்போது லபுபு என்ற பொம்மையின் பின்னால் ஓடுகிறது. இப்படித் தேடிச் சேகரிக்கும் பொம்மைகள் புதிதல்ல: 2001-இல் ஜப்பானில் பேர்பிரிக் என்ற கரடிப் பொம்மை வந்தது. 2004-இல் அமெரிக்காவின் கிட்ரோபாட் நிறுவனம் முயல் காது வைத்த டன்னி பொம்மையைக் கொண்டுவந்தது. டன்னியில் வடிவம் ஒன்றே, தீட்டும் ஓவியர்தான் மாறுவார். அந்த ஓவியரின் பெயருக்காகவே தேடி வாங்குகிறார்கள்.

பண்ருட்டியிலும் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலும் தலைமுறைகளாக நடப்பதும் இதேதான். தீட்டியவர் பெயர் மட்டும் பொம்மையில் இருப்பதில்லை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கான மரியாதை. கண் எழுதிய கைக்கு எதுவும் இல்லையே என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பொம்மையின் அடியில் ஒரு பெயர் எழுத இடம் தாராளமாக இருக்கிறது. இந்த வருஷம் கொலுவுக்கு வாங்கும்போது, "இதுக்குக் கண்ணு எழுதினது யாருங்க?" என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.